தேவனுடைய பிள்ளையாகி விட்டபின் பாவத்தை என்ன செய்வது?

யாழ்ப்பாணத்து ஜெபக்கூட்டங்களில் இரண்டு விதமான மன்றாட்டைக் கேட்கலாம். நெடுங்காலமாகக் கோவிலுக்குப் போய்வருகிற பெரியவர் ஒருவர் முழந்தாளில் நின்று, "ஆண்டவரே, நான் தூசி, நான் புழு, பெரும் பாவி" என்று தொடங்கி, அதே சொல்லிலேயே முடிப்பார். பக்கத்து ஒழுங்கையில் தகரக் கொட்டகைச் சபையில் "பழையவைகள் ஒழிந்துபோயின" என்று கைதட்டிப் பாடுவார்கள். அங்கே பாவம் என்பது ஞானஸ்நானத்துக்கு முந்திய காலத்துக் கதை. முன்னவருக்குத் தன் பாவம் தெரிகிறது, தான் யார் என்பது தெரியவில்லை. பின்னவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரிகிறது. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய் மனைவியை அடிக்கிற கை யாருடையது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடையாது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதற் கடிதத்தை இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே இருப்பில் வாசித்தால் நல்லது. அந்தச் சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தான். சகோதரர் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். இதெல்லாம் தெரிந்தே பவுல் முதலாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் அவர்களைப் பரிசுத்தவான்கள் என்று அழைக்கிறார். அது முகஸ்துதி இல்லை, அவருடைய வாதமே அதுதான். ஆறாம் அதிகாரத்தில் மட்டும் ஆறு தடவை "அறியீர்களா" என்று கேட்கிறார். "நீங்கள் கெட்டவர்கள், ஆகவே திருந்துங்கள்" என்பது அவர் பேச்சில்லை. "நீங்கள் இன்னார், அப்படியிருக்க இது என்ன?" என்பதுதான் அவர் கேட்பது. புளித்த மாவைக் கழித்துப்போடுங்கள் என்று ஐந்தாம் அதிகாரத்தில் சொல்லும்போதும் காரணத்தைச் சேர்த்தே சொல்கிறார்: நீங்கள் புளிப்பில்லாதவர்களாயிருக்கிறீர்களே.

இந்த ஒழுங்கு தலைகீழானால் மற்றதெல்லாம் பிழைத்துப்போகும். அதற்கு முன்னால், பாவம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு தெளிவு வேண்டும்.

நமது ஊரில் கிறிஸ்தவரின் காதும் சைவச் சூழலில் வளர்ந்த காதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்ற அழுக்கு அநாதி. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியே இருக்கிறது. முத்தியிலும் அதன் வலிமை அடங்குமே தவிர அது இல்லாமற் போவதில்லை. அது ஆழ்ந்த சிந்தனை, அதற்கென்று ஒரு தர்க்கம் உண்டு. கிறிஸ்தவப் போதனை வேறு இடத்தில் தொடங்குகிறது. ஆதியாகமம் முதலாம் அதிகாரம் படைப்பு மிகவும் நன்றாயிருந்தது என்று முடிகிறது. ரோமர் 5:12 பாவம் உலகத்தில் "பிரவேசித்தது" என்கிறது. அதாவது அது வந்து புகுந்தது, மனித இயல்பின் மூலப்பொருள் அல்ல. தீமை என்பது தனி ஒரு பொருளே அல்ல, நன்மையின் குறைவு என்று அகுஸ்தீன் வாதிட்டதும் இதனால்தான். ஆகவே "என்ர பிறவிக்குணம் இது, நான் இப்பிடித்தான்" என்று ஒரு விசுவாசி சொன்னால் அது தாழ்மை அல்ல, பிழையான இறையியல்.

கன்மம் பற்றிய எண்ணம் இன்னும் ஆழமாக நமக்குள் இருக்கிறது. மோட்டார்சைக்கிள் விபத்து நடந்தாலும், பிள்ளைக்குச் சுகமில்லாமல் வந்தாலும், "என்ன பாவம் செய்தோமோ" என்றுதான் கிறிஸ்தவ வீடுகளிலும் முதல் வாய் திறக்கிறது. இயேசு இதை நேரடியாக மறுத்த இடங்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். பிறவிக் குருடனைப் பற்றிக் கேட்டபோது இவனும் பாவஞ்செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதுமே, தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்ற ஒரே விடயத்துக்காக எழுதப்பட்டது. இத்தனையும் வேதத்தில் இருக்க, "பரம்பரைச் சாபத்தை உடைக்கிறோம்" என்று வீடு வீடாகப் போய் உண்டியல் நிரப்புகிறவர்கள் யாத்திராகமம் 20:5இன் முதற்பாதியை மட்டும் வாசிக்கிறார்கள். அந்த வசனம் "என்னைப் பகைக்கிறவர்களை" என்று வரையறுப்பதையும், அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் செய்வதைச் சொல்வதையும் விட்டுவிடுகிறார்கள்.

போரைக் கடந்து வந்த சனத்திடம் இந்தப் பிழை கொடுமையாக மாறுகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நெரிசலுக்குள் பிள்ளையின் கையைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். காயப்பட்ட தகப்பனைப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடியவர்கள், செத்தவரைப் புதைக்க நேரமில்லாமல் நடந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களிற் பலர் அதைப் பாவமாகவே சுமக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார்கள். கேட்கிற குருவானவர் சும்மா மன்னிப்புச் சொல்லி அனுப்பினால், "அது பாவந்தான்" என்று முத்திரை குத்தியதாகவே போய்விடும்.

இங்கே உதவக்கூடிய கருவி ஒன்று கத்தோலிக்க மறைக்கல்வியில் இருக்கிறது. சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகள்: விடயம் பாரதூரமானதாயிருக்க வேண்டும், அது பாரதூரமானது என்ற முழு அறிவு இருக்க வேண்டும், மனம் முழுதாகச் சம்மதித்திருக்க வேண்டும். பொதுவாக இதைப் பாவத்தை நிறுக்கத்தான் பாவிப்பார்கள். பாவம் அல்லாததைப் பிரித்து எடுக்கவும் பாவிக்கலாம். அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது? வேறு என்ன செய்யக்கூடியதாயிருந்தது? நடந்ததை நீ விரும்பினாயா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று அழுதுகொண்டு பதில் வரும். அப்படியானால் அங்கே சம்மதம் இல்லை. சம்மதம் இல்லாத இடத்தில் அறிக்கையிட ஒன்றும் இல்லை, புலம்ப மட்டும் இருக்கிறது. அறிக்கையும் புலம்பலும் வேறு வேறு ஜெபங்கள். 51ஆம் சங்கீதம் பாவம் செய்தவனுடையது. 88ஆம் சங்கீதம் பாவ அறிக்கை ஒரு வரிகூட இல்லாமல் கதறி, இருளிலேயே முடிகிறது. புலம்பல் தேவைப்படுகிறவருடைய கையில் 51ஐக் கொடுப்பது மருந்து மாறிக் கொடுப்பதுதான். நித்திரை இல்லாமை, திடுக்கிட்டு விழித்தல், அந்த நாள் திரும்பத் திரும்ப மனதில் வருதல் என்றெல்லாம் இருந்தால் உளநல வைத்தியரிடமும் அனுப்ப வேண்டும். அது விசுவாசக் குறைவு அல்ல.

சரி, செய்ததை உண்மையிலேயே செய்தவரின் விடயத்துக்கு வருவோம்.

ரோமருக்கு எழுதின நிருபத்தில் வாசகரைப் பார்த்து "இதைச் செய்யுங்கள்" என்று பவுல் சொல்லும் முதல் இடம் 6:11. அதுவும் கைகாலால் செய்கிற வேலை அல்ல. "எண்ணிக்கொள்ளுங்கள்" என்கிறார்: பாவத்துக்கு மரித்தவர்களாகவும், தேவனுக்குப் பிழைத்திருக்கிறவர்களாகவும். அதற்கு அடுத்த வசனத்தில்தான் பாவம் உங்கள் உடலில் ஆளாதிருப்பதாக என்று வருகிறது. எபேசியரிலும் இதே அமைப்பு. முதல் மூன்று அதிகாரங்களும் தேவன் செய்து முடித்தவை, கட்டளைகள் நாலாம் அதிகாரத்திலிருந்து வரிசையாக வரும். கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் இரண்டு வசன இடைவெளிக்குள் "மரித்தீர்கள்" என்றும் "அழித்துப்போடுங்கள்" என்றும் வருகிறது. மரித்தவன் ஏன் அழிக்க வேண்டும்? பாவத்தின் ஆளுகை முடிந்தது, அதன் இருப்பு முடியவில்லை என்பதே பதில். ஆளுகை முடிந்ததை நம்பாதவன் பெரியவரைப் போலச் சோர்வான். இருப்பு முடியவில்லை என்பதை நம்பாதவன் கொட்டகைச் சபையைப் போல ஏமாறுவான்.

ரோமர் 8:15 இந்தப் புதிய நிலைக்குச் சுவிகாரம், அதாவது தத்தெடுப்பு, என்று பெயர் கொடுக்கிறது. ரோம உலகில் பெரும்பாலும் வளர்ந்த ஆளையே சுவிகாரம் எடுப்பார்கள். அகுஸ்து ராயன் யூலியஸ் சீசரின் சுவிகார மகன், அவனுக்குப் பின் ஆண்ட திபேரியுவும் சுவிகாரம்தான். நமக்கும் இது புதிதல்ல. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சுவிகாரத்துக்குத் தனிப் பகுதி உண்டு. அந்தக் காலத்தில் உறவினர் சாட்சியாக மஞ்சள் தண்ணீர் குடிக்கும் சடங்கோடு பிள்ளை மாறும். மாறினபின் எடுத்தவர்களின் ஆதனத்துக்கு அது உரித்தாளி, பெற்றவர்களின் முதுசத்தில் அதற்குப் பங்கில்லை. அந்தப் பிள்ளை புது வீட்டில் கோப்பையை உடைத்தால் அடி விழலாம், பேச்சு விழலாம். உரித்து மாறாது. விசுவாசி பாவ அறிக்கை செய்வது இந்த வீட்டுக்குள் நின்றுகொண்டுதான், படலைக்கு வெளியே நின்றல்ல. பிள்ளையாவதற்காக அறிக்கையிடுகிறவன் ஒவ்வொரு முறையும் தன் கண்ணீர் போதுமா என்று அளந்துகொண்டிருப்பான். பிள்ளையாயிருப்பதால் அறிக்கையிடுகிறவனுக்கு ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை.

இதில் சபைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவனுக்குள் மிஞ்சியிருக்கும் இச்சை பாவந்தான், ஆகவே விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்றார் லூத்தர். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1546இல், அந்த இச்சை பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுப்பது, ஆனால் சம்மதிக்காதவனுக்கு அது பாவம் அல்ல என்று தீர்மானித்தது. 1999 ஒக்டோபர் 31இல் ஆக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக ஐக்கியமும் கைச்சாத்திட்ட கூட்டு அறிக்கை இந்த இடத்தை மூடி மறைக்கவில்லை. இரண்டு விளக்கத்தையும் பக்கத்தில் வைத்து, இவை ஒன்றையொன்று சபிக்கத் தேவையில்லை என்றது. 2006இல் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரும் தென்னிந்திய திருச்சபையாரும் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள்தான் இருக்கிறார்கள், ஆனால் அந்த அறிக்கையைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்பது அருமை.

இனி, அறிக்கை செய்யும் முறை. முதலாவது பிழை பொதுப்படையாகச் சொல்வது. "அறிந்தும் அறியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்பது சபையாகச் சேர்ந்து சொல்வதற்கு நல்லது, தனி ஜெபத்தில் அது ஒளிந்துகொள்ளும் இடம். "கோபப்பட்டேன்" என்பது போதாது. யாரிடம், என்ன சொல்லி, எதைக் காக்க? சீட்டுப் பிடிக்கிறவர் "காசு விடயத்தில் கொஞ்சம் பிழை விட்டேன்" என்று ஜெபிப்பதைவிட, "இன்னாருடைய கழிவை எனக்குள் போட்டுக்கொண்டேன், பத்தாயிரம் ரூபா" என்று ஜெபிப்பதுதான் அறிக்கை. தொகை சொல்லப்பட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் கண்முன் நிற்கும். மனம் பொதுச் சொல்லைத் தேடுவதே அதற்காகத்தான்.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் கணக்கு எளிது. எடுத்த முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம். அதைப் பலி கொண்டுவருகிற அதே நாளில் உரியவன் கையில் கொடுக்க வேண்டும். பலி ஒரு கிழமை, பணம் அடுத்த வருடம் என்பதற்கு அங்கே இடமில்லை. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்றது அவன் தன்மேல் தானே போட்டுக்கொண்ட கூடுதல். ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும்: அவன் அதைக் கொடுத்து இயேசுவை வீட்டுக்குள் வாங்கவில்லை. இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வந்தார், கணக்கு பிறகுதான் எழும்பியது.

இரண்டாவது பிழை, அறிக்கையின் வட்டத்தைக் காயத்தின் வட்டத்தைவிடப் பெரிதாக்குவது. எவருக்கெல்லாம் தீங்கு செய்தாயோ அவர்களிடம் சொல். தேவனிடம் சொல். குருவானவரிடமோ நம்பிக்கையான ஒரு மூப்பரிடமோ சொல். கன்வென்ஷன் மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து நாறும்படி "சாட்சி" சொல்வது அறிக்கை அல்ல. அவளுடைய சம்மதம் இல்லாமல் அவளை விற்கிற வேலை அது. மறுபக்கம், பிள்ளை ஒன்றைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியவன் போதகரிடம் அழுதுவிட்டான் என்பதற்காகச் சபை அதை மூடி வைக்கவும் கூடாது. தேவ மன்னிப்பு வேறு, ரோமர் 13ஆம் அதிகாரம் சொல்லும் அதிகாரத்துக்குப் பதில் சொல்வது வேறு. அந்தச் செய்தி மூப்பர் கூட்டத்துக்கு அல்ல, பொலிசுக்கும் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கும் போக வேண்டும். "சபையின் பெயர் கெடும்" என்கிறவர்கள் யாருடைய அடையாளத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று யோசிக்கட்டும்.

மூன்றாவது, வெறுமையாக விட்டுவிடுவது. எபேசியர் 4:28ஐப் பிரித்துப் பாருங்கள்: திருடுகிறவன் இனித் திருடாதிருக்கட்டும், கைகளால் வேலை செய்யட்டும், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கட்டும். நிறுத்துவது, அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது, அதற்கு ஒரு நோக்கம். திருடாமல் சும்மா இருக்கிற திருடன் இன்னும் வேலையில்லாத திருடன்தான். ஆறு மணிக்குத் தவறணைப் பக்கம் போகிறவனுக்கு அந்த ஆறு மணியை என்ன செய்வது என்று சபை சொல்லிக் கொடுக்காவிட்டால், கூட்டிப் பெருக்கின வெறும் வீட்டுக்குப் போன ஆவி இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த கதைதான் நடக்கும்.

குடியைப் பற்றிச் சொல்லும்போது உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்று. பல வருடமாகத் தினமும் நிறையச் சாராயமோ கசிப்போ குடிக்கிற ஒருவர், எழுப்புதல் கூட்டத்தில் தொடப்பட்டு அன்றிரவே முற்றாக நிறுத்தினால், அடுத்த நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சத்தி தொடங்கலாம். முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் ஆளறியாமல் பிதற்றலாம், இல்லாததைக் காணலாம், காய்ச்சலும் படபடப்பும் இருக்கலாம். இது பேய் அல்ல, மதுவுக்குப் பழகிய மூளை திடீரென்று அதை இழந்ததன் விளைவு. வைத்தியம் இல்லாவிட்டால் சாகவும் கூடும். அவரைக் கட்டிப்போட்டு ஓட்டுகிற ஜெபம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் போனால் இன்னும் நல்லது. திரும்ப விழுந்தாலும் அவர் பிள்ளைதான். விழுந்த நாளைக்கே வந்து சொல்லக்கூடிய ஓர் ஆள் அவருக்கு இருந்தால், அந்த விழுகை ஒரு நாளோடு நிற்க வாய்ப்பு உண்டு. ஒளித்தால் மாதக்கணக்கில் போகும்.

நமது பிரசங்கங்களில் பழைய மனிதன் என்றால் போத்திலும் படமும் கைப்பேசியும்தான். எந்தப் பாவம் நமக்கு வசதியோ அது பட்டியலில் வருவதில்லை. கலாத்தியர் 3:27 ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்கிறது. அடுத்த வசனம் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பிரிவுகளை எடுத்துவிடுகிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு, பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது "எங்கட ஆக்கள்" என்று தேடுகிற கிறிஸ்தவன், தன் புதிய அடையாளத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உடுத்துகிறான். "சாதி பார்க்கிறதில்லை, ஆனால் சனம் கதைக்கும்" என்பது சம்மதத்தின் இன்னொரு வடிவம். விடயம் பாரதூரமானது, அறிவும் இருக்கிறது, சம்மதமும் இருக்கிறது. முன்சொன்ன மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன.

வேலியும் அப்படித்தான். கதியால் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு சாண் அரக்கிப் போடுவது நம் ஊரின் பழைய வேலை. பிறனுடைய எல்லைக்குறியைத் தள்ளிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27இல் மலையேறி நின்று சொல்ல வைத்தார்கள், சனம் எல்லாம் ஆமென் என்றது. இப்போது சிக்கல் எங்கே என்றால், அந்தப் பிறன் இங்கே இல்லை. கனடாவிலோ பாரிஸிலோ இருக்கிறான், அல்லது செத்துவிட்டான். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபின் அவர்களுடைய வீட்டுப் பொருட்கள் கைமாறின. 1995 இடப்பெயர்வுக்குப் பின் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள்ளிருந்து கதவும் ஓடும் போயின. அவை இன்றும் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கின்றன, கிறிஸ்தவர் வீடுகளில் ஒன்றுமே இல்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

உரியவன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வேதத்தில் வழி உண்டு. எண்ணாகமம் 5:8: வாங்கிக்கொள்ள இனத்தான் (உறவினன்) இருந்தால் அவனுக்கு, அப்படி ஒருவனும் இல்லாவிட்டால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம். "இனத்தான் இல்லாவிட்டால்" என்பதைத் தேடிப் பார்த்தபின்தான் சொல்லலாம். ஆகவே முதலில் காணி உறுதியை எடுத்து எல்லை என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. சந்தேகம் இருந்தால் நில அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பித்து, செலவைத் தானே ஏற்பது. வெளிநாட்டில் இருக்கிற உரித்தாளிகளுக்கு இன்ன அளவு காணி என் பக்கம் இருக்கிறது என்று எழுதுவது. பொருளானால் அதன் இன்றைய பெறுமதியும் ஐந்தில் ஒன்றும். ஒருவரும் கிடைக்காவிட்டால் கோவிலுக்குக் கொடுக்கலாம், ஆனால் கல்லில் பெயர் வெட்டாமல், இது காணிக்கை அல்ல, திருப்பிக் கொடுக்கிற காசு என்று குருவானவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.